எழுதியவர் மேடைக்கு வரவும்

மைக் கரகரக்கும் சத்தம் இன்றைக்கும் எனக்கு ஆகாது. கோயில் திருநாளோ, கட்சிக் கூட்டமோ, எவனாவது மைக்கைத் தட்டி "அலோ, அலோ" என்று ஊதினால் போதும், கை தானாகச் சட்டைப் பையில் ஜெபமாலையைத் தேடும். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் போர்டிங் கிளார்க் நான். காற்றில் ஆடுகிற கயிற்றேணியில் பேப்பர் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கப்பல் கப்பலாக ஏறியவன். அதெல்லாம் என்னை ஒன்றும் செய்ததில்லை. ஒரு சாயங்காலம் கோயில் முற்றத்து மேடையில் மைக் முன்னால் நின்றது மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

குழந்தை இயேசுவைப் பார்க்க நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்த மூன்று ராஜாக்களுக்குத் தை பிறப்பதற்கு முன்னால் ஒரு திருநாள் உண்டு. அன்று சாயங்காலம் எங்கள் பங்குக் கோயிலில் நாடகம் போடுவார்கள். அதில் ஒரு வழக்கம். நாடகம் நடக்கும்போதே யாருக்காவது ஒரு காட்சி பிடித்துவிட்டால், எழுந்து மேடையேறி நடிகன் தோளில் துண்டு போர்த்தலாம். நடிப்பு அப்படியே நிற்கும். ஏரோது ராஜா ஓங்கிய வாளை ஓங்கியபடியே பிடித்திருக்க, மைக்கில் அறிவிப்பு வரும்: "இக்காட்சியைப் பாராட்டி ஐஸ் கம்பெனி அண்ணாச்சி அவர்கள் ஏரோது மன்னருக்குத் துண்டு அணிவிக்கிறார்கள்." கைதட்டல் ஓய்ந்து அண்ணாச்சி இறங்கி உட்கார்ந்த பிறகுதான் வாள் கீழே வரும். போர்த்தின துண்டு திரைக்குப் பின்னால் போய், அடுத்துப் போர்த்த வருகிறவர் கைக்கு வந்துவிடும். மொத்தமே இரண்டு மூன்று துண்டுகள்தான், நாடகம் முடியுமட்டும் சுற்றிச் சுற்றி வரும்.

நடித்தவனுக்குத் துண்டு விழும், பாடினவனுக்கு விழும், ஆர்மோனியக்காரருக்கும் வேஷம் போட்டுவிட்டவருக்கும் விழும். ஒரு வருஷம் டியூப்லைட் அணையாமல் பார்த்துக்கொண்டவனுக்குக்கூட விழுந்தது. எழுதினவருக்கு விழுந்து நான் பார்த்ததில்லை. நோட்டீசில் "கதை, வசனம்: பங்கு இளைஞர் மன்றம்" என்று இருக்கும். மன்றத்தில் ஒருவனுக்கும் ஒரு வரி எழுத வராது. எழுதினது என் மகள்.

கல்லூரி முடித்து வீட்டில் இருந்தாள். ஆபீசில் கழித்துப் போடும் தாள்களைக் கொண்டுவந்து கொடுப்பேன், பின்பக்கம் வெறுமையாக இருக்கும். குசினியில் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவாள். எழுதும்போது உதடு அசையும். ராஜா பேசினால் முகவாய் நிமிரும், ஆட்டிடையன் பேசினால் தோள் தொங்கும். அதைப் பார்ப்பதற்காகவே தண்ணீர் குடிக்கிற சாக்கில் குசினிக்குப் போவேன். "அப்பா, உங்களுக்கு அவ்வளவு தாகமா?" என்பாள் தலையைத் தூக்காமலே.

இது வெளியே தெரிய வேண்டாம் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கல்யாணத்துக்கு இருக்கிற பெண், ஆண்பிள்ளைகள் கூடி ஆடுகிற நாடகத்துக்கு வசனம் எழுதுகிறாள் என்றால், பெண் கேட்டு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் பிடித்துக்கொள்ள ஏற்கெனவே ஒன்று இருந்தது. அவள் என் நிறம். அதுவும் நல்ல கறுப்பு. என் மனைவி சிவப்பு, மகள் அவளைக் கொண்டு பிறந்திருக்கலாம் என்று பிறந்த அன்றிலிருந்து ஊரே சொன்னது. எனக்கு அந்த நிறத்தில்தான் அவள் முகம் முகமாக இருந்தது. ஆனால் அதை யாரிடம் சொல்ல?

அந்த வருஷம் சாகுபுரம் ரசாயன ஆலையில் வேலை பார்க்கிற ஒரு பையன் வீட்டிலிருந்து பேச்சு வந்தது. நல்ல குடும்பம், தூரத்து உறவு. போட்டோ கேட்டார்கள். எங்கள் தெருப் பெண்களெல்லாம் எடுக்கிற ஸ்டூடியோவில்தான் எடுத்தோம். அந்தப் போட்டோக்காரர் கேட்காமலே பென்சிலும் பிரஷ்ஷும் வைத்து முகத்தை வெளுத்துக் கொடுப்பார். கறுப்புப் பெண், சிவப்புப் பெண் என்ற பேதம் அவரிடம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே வெளுப்பு. படத்தைப் பார்த்த பையனின் தாயார், திருநாளுக்கு வருவதாகவும் கோயிலில் வைத்து நேரில் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியனுப்பினாள். என் மனைவி அன்றிலிருந்து மகள் முகத்தில் பயற்ற மாவையும் பாலாடையையும் தேய்க்க ஆரம்பித்தாள். "அம்மா, இதக் கொண்டு ஒரு பாயாசம் வச்சா வீட்டுக்கே காணும்" என்று மகள் சொல்லிக்கொண்டே முகத்தைக் கொடுப்பாள்.

இந்தச் சமயத்தில்தான் கோதுமைக் கப்பல் வந்தது. புதுத் துறைமுகம் திறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. முன்பெல்லாம் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்ற பெரிய கப்பல்கள் இப்போது கரையோடு வந்து கட்டின. கோதுமை இறக்கும்போது மழை தூறினால் சரக்கறை மூடியை இழுத்து மூடிவிட வேண்டும். அந்த வருஷம் மார்கழி முழுக்க மழை விட்டு விட்டுப் பெய்தது. மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகக் கப்பல் புறப்பட வழியில்லாமல் கிடந்தது.

அதில் சாப்பாட்டுக்கும் சாமான்களுக்கும் பொறுப்பான மூத்த ஸ்டூவர்ட் ஒரு கறுப்பு அமெரிக்கர். என் வயதுதான் இருக்கும். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. நான் காகிதங்களோடு போகிற வேளையெல்லாம் காப்பி ஊற்றிக் கொடுப்பார். ஒரு நாள், இங்கே கத்தோலிக்கக் கோயில் உண்டா என்று கேட்டார். இங்கே கோயில் இல்லாத தெரு எது என்றுதான் கேட்க வேண்டும் என்றேன். கரைக்கு வர பாஸ் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கூட்டிப் போனேன்.

வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக அவர் முழங்காலில் இருந்தபோது ஊரே திரும்பிப் பார்த்தது. வெளியே வந்ததும் மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி நேராக அவரிடமே கேட்டாள்:

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு? மணப்பாடா, உவரியா? கப்பல்ல இருந்து லீவுல வந்திருக்கியளோ?"

அவள் கேட்டதைச் சொன்னேன். இந்தக் கரையிலேயே தெற்கே இருக்கிற ஊர்களின் பெயரென்று விளக்கினேன். அவர் அந்த அம்மாளைப் பார்த்துத் தலை குனிந்து, "இன்னும் கொஞ்சம் தெற்கு என்று சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். "கன்னியாகுமரி பக்கமா இருக்கும்" என்று அவள் தனக்குத்தானே முடிவு செய்துகொண்டு போனாள். வீடு வரும்வரை அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் நண்டுக் குழம்பு. அவர் நாற்காலியில் இருக்கப் பிரியப்படவில்லை. அவருடைய ஊரும் அமெரிக்காவின் தென்கோடியில், ஆறு கடலில் விழுகிற இடத்துத் துறைமுகம்தானாம். அங்கேயும் நண்டும் இறாலும் போட்டுக் குழம்பு வைத்துச் சோற்றில் ஊற்றுவார்களாம். குசினி வாசலில் நின்று சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என் தாயார் இதைவிடக் கறுக விடுவாள்" என்றார். அதை நான் என் மனைவிக்கு மொழிபெயர்க்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். தங்கை டெலிவிஷனுக்கு நாடகம் எழுதுகிறவள். டெலிவிஷனை நாங்கள் யாரும் கண்டதில்லை. கொழும்பிலிருந்து வருகிற ரேடியோ நாடகத்துக்கு ஆட்களின் உருவமும் தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி என்று வீட்டில் விளக்கினேன். குசினிச் சுவரில் சாய்ந்து நின்ற மகள் நிமிர்ந்தாள்.

"எழுதினவங்க பேரு வருமான்னு கேளுங்கப்பா."

"வரும்," என்றார். "கடைசியில் வரும். அதற்குள் சனங்கள் எழுந்து பாத்திரம் கழுவப் போயிருப்பார்கள்."

பிறகு சொன்னார். அங்கே பெரிய விருதுகள் பல உண்டு. அந்த மண்டபங்களில் அவர் தங்கையைப் போன்றவர்களின் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். அதனால் கறுப்பர்கள் தாங்களே கூடித் தங்கள் ஆட்களுக்கு விருது கொடுக்கிறார்கள். நடிப்பவர்களுக்கு உண்டு, பாடுகிறவர்களுக்கு உண்டு, டெலிவிஷன் நாடகம் எழுதுகிறவர்களுக்கும் உண்டு. அவர் 'கறுப்பர்கள்' என்ற சொல்லைக் குரலை உயர்த்தித் தன் வீட்டுப் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொல்வோம்.

"தங்கச்சிக்கு எதுக்காகக் கிடைச்சுது?" என்று மகள் கேட்டாள்.

"அந்த நாடகங்களில் ஒரு கறுப்புப் பெண் வந்தால், கதவு திறந்துவிடவும் காப்பித் தட்டு கொண்டுவரவும்தான் வருவாள். என் தங்கை கதவு திறக்கிறவளைப் பேசவிட்டாள். அந்த வீட்டில் என்ன நடக்கிறதென்று அவளுக்குத்தானே எல்லாம் தெரியும்?"

மகள் கையிலிருந்த தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பெயரைக் கூப்பிட்டார்களாம். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து எழுந்து முன்னால் நடந்தாளாம். கையில் கொடுத்தது ஒரு மரப்பலகைதான், அந்த நடைதான் விருது என்று சொல்லுவாள். தாயார் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். நான் கடலில் இருந்தேன். பார்க்கவில்லை." காலித் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்குமா என்று கேட்டார்.

மழை விடவில்லை. கப்பலும் போகவில்லை. திருநாள் நாடகத்துக்கு அவரையும் அழைத்தேன். அழைத்த பிறகுதான் ஒரு நினைப்பு வந்து தூக்கம் போயிற்று. மூன்றாவது ராஜா ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பது ஐதீகம். வருஷா வருஷம் அந்த வேஷம் போடுகிறவன் முகத்தில் தேங்காய் எண்ணெயில் கரியைக் குழைத்துப் பூசுவார்கள். போடுகிறவனோ தோணியில் போகிற பையன், கரியைவிட ஒரு மாற்றுத்தான் குறைவு. அவனுக்குமேல் கரி பூசி ஒரு கறுப்பு விருந்தாளி முன்னால் நிறுத்துவதா? மகளிடம் கேட்டேன். "நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்கப்பா. நாடகத்தக் கொஞ்சம் மாத்தியிருக்கேன்" என்றாள். என்ன மாற்றம் என்று கேட்கத் தோன்றவில்லை.

திருநாள் சாயங்காலம் மழை ஒதுங்கியிருந்தது. முற்றத்து ஈர மணலில் பெண்களும் பிள்ளைகளும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மகள் கடைசிப் பாயில் இருந்தாள். முன்னால் விருந்தினருக்கு பெஞ்சு. எனக்கு இடது பக்கம் ஸ்டூவர்ட். வலது பக்கம் என் மனைவி, அவளுக்கு அடுத்துச் சாகுபுரத்துப் பையனின் தாய் தகப்பன். அந்த அம்மாள் பட்டுச் சேலையும் கைப்பையுமாக வந்திருந்தாள். கைப்பைக்குள் நாங்கள் அனுப்பின போட்டோ இருந்தது. பூசை முடிந்து கூட்டத்தில் மகளைப் பார்த்திருக்கிறாள். "அங்கன வெளிச்சம் காணாது" என்று மட்டும் என் மனைவியிடம் சொன்னாளாம்.

திரை விலகியது. நான் ஸ்டூவர்ட் காதோடு காதாக மொழிபெயர்க்க ஆரம்பித்தேன்.

முதல் காட்சியிலேயே மூன்றாவது ராஜா கிரீடத்தோடு ஸ்டூலில் இருக்க, வேஷக்காரன் கரி டப்பாவோடு வந்தான். ராஜா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, இதுக்கு மேல என்னத்தலே பூசப் போற?"

"ஆப்பிரிக்கா ராஜால்லா நீ. கறுப்பா இருக்கணும்லா."

"எங்க ஆத்தாவும் கடலும் சேந்து பூசி விட்டது காணாதா? கொண்டு போ. ஒன் டப்பாதான் என்னயப் பாத்து வெளுத்துப்போவும்."

முற்றம் அதிர்ந்தது. நான் சொல்லி முடித்தபோது ஸ்டூவர்ட் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. என் ஒரு கவலை அங்கே தீர்ந்தது. அடுத்தது தொடங்கியது.

ராஜாக்களுக்கு வழி தவறிவிடுகிறது. நட்சத்திரத்தைக் காணோம். வழி கேட்க எங்கள் கரையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். வீட்டுக்காரி சன்னல் வழியாகப் பார்க்கிறாள். எங்கள் நாடகங்களில் பெண் வேஷமும் ஆண்பிள்ளைகள்தான், மீசை மழித்த இடம் பளபளக்க அந்தப் பையன் கத்தினான்:

"ஏங்க! பொண்ணு பாக்க வந்திருக்காவ! மூணு பேரு! ஒட்டகத்துல வந்திருக்காவன்னா பெரிய எடமாத்தான் இருக்கும். ஏளா, மூத்தவள குசினிக்குள்ள தள்ளு. சின்னவ தட்ட எடுத்துட்டு வரட்டும். அவதான் வெளிச்சத்துல நிக்கலாம்."

என் நாக்கு நின்றது. "என்ன, என்ன?" என்று ஸ்டூவர்ட் முழங்கையால் இடித்தார். சொன்னேன்.

"நாங்க வழி கேக்க வந்தோம் தாயி," என்கிறார் முதல் ராஜா.

"அதெல்லாம் சாப்புட்டுப் பேசிக்கிடலாம் அண்ணாச்சி. பெட்டியில என்ன?"

"தங்கம்."

"ஏங்க, இங்க வாங்க! மாப்பிள்ள வீடே தங்கம் கொண்டாந்திருக்காவ! ஒலகம் முடியப் போவுதா?"

பாய்களில் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். ஐஸ் கம்பெனி அண்ணாச்சி எழுந்து போய்த் துண்டு போர்த்தினார், வீட்டுக்காரி வாயைப் பிளந்தபடி நின்றாள். இது என்ன வழக்கம் என்று ஸ்டூவர்ட் கேட்க, பிடித்தால் யாரும் போய்ப் போர்த்தலாம் என்று விளக்கினேன். அப்படி விளக்கியது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியவில்லை.

வீட்டுக்காரி ராஜாக்களுக்கு ஒரு போட்டோவைக் காட்டினாள். மூன்றாவது ராஜா அதை வாங்கிப் பார்த்தார். "இந்தப் பிள்ளை எங்க இருக்கு?"

குசினிக்குள்ளிருந்து பாவாடை தாவணி கட்டின கறுத்த பையன் ஒருவன் வெளியே வந்தான். "அது நாந்தான் ராசா. போட்டோக்காரரு வெள்ளையடிச்சிட்டாரு."

அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அந்த முற்றத்தில் இருந்த பெண் ஒவ்வொருத்தியின் போட்டோவும் அந்த ஸ்டூடியோவில் எடுத்தது. போட்டோக்காரரே மதிலோரம் நின்று, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். நான் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பாமல் வலது பக்கத்தைப் பார்த்தேன். சாகுபுரத்து அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, கோபத்தில் நடுங்குகிறாளா என்று தெரியவில்லை. மடியில் கைப்பை. என் மனைவியின் விரல்கள் ஜெபமாலையில் ஒரே மணியில் நின்றுவிட்டன.

அந்தக் குசினிப் பெண்தான் வழி சொல்கிறாள். "நீங்க தேடுத நட்சத்திரம் வாசல்ல நின்னா தெரியாது ராசா. கூரை மறைக்குது. நான் விடியுமுன்னே கருவாடு காயப் போடப் போவும்போது தெனமும் பாக்கேன். பின்னால வாங்க." பின்பக்கம் போக வேண்டுமானால் குசினி வழியாகப் போக வேண்டும். குசினி வாசல் தணிவு. மூன்று ராஜாக்களும் கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்து, அவள் பின்னால் ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். திரை விழுந்தது.

முற்றம் கைதட்டியது. ஸ்டூவர்ட் கைதட்டவில்லை. எழுந்து நேராக மேடைக்குப் போனார்.

மன்றச் செயலாளர் ஓடிவந்து அவர் கையில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டைக் கொடுத்தான். மைக் கரகரத்தது. "அமெரிக்க நாட்டிலிருந்து வந்திருக்கும் நமது அன்பு விருந்தினர், மூன்றாவது ராஜாவுக்கு..." ஸ்டூவர்ட் தலையை ஆட்டி மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். செயலாளர் விழித்தான். "மொழிபெயர்க்கக் கப்பல் ஆபீஸ் அண்ணாச்சி உடனே மேடைக்கு வரவும்."

போனேன். மேடையிலிருந்து பார்த்தால் முகங்கள் மட்டும்தான், எல்லாம் என்னைப் பார்த்தபடி. அவர் சொல்லச் சொல்லச் சொன்னேன். தன் தங்கை நாடகம் எழுதுகிறவள். அவள் பெயரைத் தங்கள் சனங்கள் ஒரு மண்டபத்தில் கூப்பிட்டார்கள். அவள் நடந்து போனதைத் தன்னால் பார்க்க முடியவில்லை. "இந்த நாடகத்தை எழுதினது யார்? அவர் இருக்கிற இடத்திலிருந்து எழுந்து நடந்து வரட்டும். நான் பார்க்க வேண்டும்."

கடைசி மூன்று வாக்கியத்தை நான் சொல்லவில்லை. செயலாளர் மைக்கைக் கையால் பொத்தினான். நல்ல பையன், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"மன்றம்னு சொல்லி நான் வாங்கிக்கிடட்டுமா அண்ணாச்சி? அவருக்கு என்ன தெரியும்."

அவருக்கு ஒன்றும் தெரியாதுதான். முற்றத்தில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தாலும், கைதட்டலில் யாருக்கும் சரியாகக் கேட்டிருக்காது. நான் ஒரு சொல்லை மாற்றினால் போதும். சாகுபுரத்துச் சம்பந்தம் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே இருக்கும். என் மனைவி கீழேயிருந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் தலையசைத்திருந்தால் நான் அப்படியே செய்திருப்பேன். அவள் அசைக்கவில்லை. வேண்டும் என்றும் அசைக்கவில்லை. நான் கடைசிப் பாயைத் தேடினேன். மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு மணலைப் பார்த்து இருந்தாள். எழுதும்போது அசைகிற உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் என்ன சொல்வேன் என்று அவளே எனக்கு வசனம் எழுதிப் பார்க்கிறாள் என்று தோன்றியது. மன்றம் என்றுதான் அதில் எழுதியிருப்பாள். அதை நினைத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"எழுதினது என் மகள்" என்றேன். என் குரல் நாலு ஒலிபெருக்கியிலும் என்னையே இடித்தது.

செயலாளர் கொஞ்சம் திகைத்துவிட்டு, நல்ல கணீரென்று அறிவித்தான்: "நாடகத்தை எழுதியவர் மேடைக்கு வரவும்."

அவள் எழுந்திருக்க நேரமாயிற்று. பக்கத்தில் இருந்த மீன்கார அம்மாள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "போளா, ராசாவுக்கெல்லாம் வழி சொன்னவளுக்கு இந்த வழி தெரியாதாக்கும்" என்றாள். பிள்ளைகள் காலை மடக்கிப் பாதை விட்டார்கள். செருப்பு எங்கேயோ கிடக்க, ஈர மணலில் வெறுங்காலோடு வந்தாள். முன்பெஞ்சு வந்ததும் மேடை விளக்கு முழுக்க அவள் மேல் விழுந்தது. சாகுபுரத்து அம்மாளுக்கு முன்னால், அந்த வெளிச்சத்தில், என் நிறத்தில் அவள் நடந்து போனாள். தலை குனியவில்லை. ராஜா வசனம் எழுதும்போது நிமிர்வதுபோல முகவாய் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. ஸ்டூவர்ட் கைகளைக் கட்டிக்கொண்டு, அவள் வைத்த ஒவ்வொரு அடியையும் பார்த்தபடி நின்றார்.

கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்நிய ஆண் துண்டு போர்த்துவதா என்று அடுத்த பயம் எனக்கு வந்துவிட்டது. அவர் எங்கிருந்து அறிந்தாரோ, துண்டை மடித்து என் கையில் கொடுத்தார். நான்தான் அவள் தோளில் போட்டேன். ஏரோதிலிருந்து வீட்டுக்காரிவரைக்கும் எல்லோர் வேர்வையும் குடித்த துண்டு. அவள் என் காதருகே குனிந்தாள். என்னவோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா, துண்டு நாறுது," என்றாள்.

கூட்டம் கலைகையில் சாகுபுரத்து அம்மாள் எங்களிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. சிரித்துத்தான் சிவந்திருந்தது. கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து என் மனைவி கையில் வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மைனி. நெறமெல்லாம் ஒண்ணுமில்ல, நேர்ல நல்லாத்தான் இருக்கா. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு விலா பிடிச்சுக்கிட்டு. ஆனா இப்பிடி ஒருத்தி வீட்டுக்குள்ள இருந்தா, நான் என்ன பேசினாலும் அடுத்த வருசம் மேடைக்கு வந்துருமே. நான் வாயத் தொறக்காம இருக்குதவ இல்ல."

என் மனைவி போட்டோவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டடி தள்ளி நின்ற மகள் கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்:

"நல்ல வசனம்ப்பா."

மறுநாள் வெயில் அடித்தது. கோதுமை இறங்கி முடிந்து கப்பல் புறப்பட்டது. கடைசிக் காகிதங்களோடு நான் போனபோது ஸ்டூவர்ட் என் மகளின் பெயரைக் கேட்டார். அதிலுள்ள ஓர் எழுத்து அவர் நாக்குக்கு மடியவில்லை. ஏணியின் உச்சியில் நின்று, நான் சரி என்கிறவரை சொல்லிச் சொல்லிப் பார்த்தார். தங்கையிடம் சொல்லும்போது பிசகக் கூடாதாம்.

அதற்குப் பிறகும் பெண் கேட்டு வருகிறார்கள். நிறத்தைப் பற்றி இப்போது யாரும் பேச்செடுப்பதில்லை. "உங்க பொண்ணு நாடகம் எழுதுமாமே" என்று கேட்டுவிட்டு, வீட்டில் வாயைத் திறக்காமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று செய்தது சரிதானா என்று படுக்கும்போதெல்லாம் கேட்டுப் பார்க்கிறேன். என் மனைவி அந்தப் போட்டோவைக் கிழிக்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. பயற்ற மாவு மறுபடியும் பலகாரத்துக்குப் போய்விட்டது.

அடுத்த திருநாள் நாடகத்தில் மாமியார் வேஷம் போட்டவன், "நான் வாயத் தொறக்காம இருக்குதவ இல்ல" என்று சொன்னதும் ஐஸ் கம்பெனி அண்ணாச்சி எழுந்துவிட்டார். ஆனால் எனக்கு அந்த நாடகத்தில் அவ்வளவாக எதுவும் நினைவில்லை. தொடங்குமுன் மைக் கரகரத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "கதை, வசனம்..." என்றான் செயலாளர். அங்கே எப்போதும் மூச்சு விடுவான். அந்த மூச்சு முடிந்து அவள் பெயர் வருகிறவரைக்கும் ஜெபமாலையில் என் விரலும் ஒரே மணியில் நின்றுகொண்டிருந்தது.